தமிழ்நாட்டில் குழந்தை மைய முன்பருவக் கல்வி

குழந்தை மைய முன்பருவக் கல்வி என்பது மூன்று முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்கு, அவர்களின் வளர்ச்சி நிலை, ஆர்வம், விளையாட்டு ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்டு அளிக்கப்படும் கல்வி ஆகும். பாடநூலையோ தேர்வையோ முதன்மைப்படுத்தாமல், குழந்தை தானே பார்த்தும் தொட்டும் செய்தும் கற்பதற்கு ஏற்ற சூழலை அமைத்துத் தருவது இதன் நோக்கமாகும். தமிழ்நாட்டில் இக்கல்வியின் வரலாறு 1939-இல் மரியா மாண்டிசோரி சென்னை அடையாறுக்கு வந்ததோடு நெருங்கிய தொடர்புடையது. இன்று இக்கருத்துகள் அங்கன்வாடி மையங்கள், அரசுத் தொடக்கப் பள்ளிகள், தனியார் மழலையர் பள்ளிகள் ஆகிய மூன்று வகை நிறுவனங்களில் வெவ்வேறு அளவில் நடைமுறையில் உள்ளன.

வயது வரம்பும் சொல்வழக்கும்

பிறப்பு முதல் எட்டு வயது வரையிலான காலம் பன்னாட்டளவில் "முன் குழந்தைப் பருவம்" எனக் கொள்ளப்படுகின்றது. இதில் மூன்று முதல் ஆறு வயது வரை உள்ள பகுதியே பொதுவாக முன்பருவக் கல்விக்கு உரியதாகும். தமிழ்நாட்டில் இக்கல்வியைத் தரும் இடங்கள் பாலர் பள்ளி, பால்வாடி, அங்கன்வாடி, மழலையர் பள்ளி, எல்.கே.ஜி., யு.கே.ஜி. எனப் பல பெயர்களால் வழங்கப்படுகின்றன. சிற்றூர்களில் "பால்வாடி" என்னும் பழைய பெயரே இன்றும் பேச்சு வழக்கில் உள்ளது.

அடிப்படைக் கருத்துகள்

குழந்தை மையக் கல்வி முறைகள் பல இருப்பினும் அவற்றுக்குப் பொதுவான சில கருத்துகள் உண்டு. அவையாவன:

- குழந்தை வெற்றுப் பாத்திரம் அன்று. தன் அறிவைத் தானே கட்டியெழுப்பும் ஆற்றல் உடையது.
- ஒவ்வொரு குழந்தைக்கும் தனி வேகம் உண்டு. ஒரே வயதுடைய இரு குழந்தைகள் ஒரே நாளில் ஒன்றைக் கற்க வேண்டும் என்பது இல்லை.
- விளையாட்டு, படிப்பின் இடைவேளை அன்று; அதுவே இவ்வயதின் கற்றல் வழி.
- புலன் அனுபவம் முதலில் வரும். குறியீடுகளாகிய எழுத்தும் எண்ணும் அதன் பின்னர் வரும்.
- அச்சமும் தண்டனையும் உள்ள இடத்தில் கற்றல் நிகழாது. உணவு, உறக்கம், அன்பு, பாதுகாப்பு ஆகியவை கல்வியின் பகுதிகளே ஆகும்.

குழந்தை மையம் என்பது குழந்தையை அதன் போக்கில் விட்டுவிடுதல் எனத் தவறாகப் பொருள் கொள்ளப்படுவதுண்டு. இம்முறையில் ஆசிரியரின் பணி குறைவதில்லை. அதன் தன்மை மாறுகின்றது. சொல்லிக் கொடுப்பதைக் காட்டிலும் கவனித்தல், பொருள்களை ஒழுங்குபடுத்தி வைத்தல், தேவைப்படும் தருணத்தில் மட்டும் உதவுதல் ஆகியவை ஆசிரியரின் முதன்மைப் பணிகளாகின்றன.

வரலாறு

உலகளாவிய பின்னணி

செருமானியக் கல்வியாளர் பிரெடரிக் புரோபல் (1782-1852) 1837-இல் பிளாங்கன்பர்க்கு என்னும் ஊரில் சிறு குழந்தைகளுக்கான நிலையம் ஒன்றைத் தொடங்கினார். 1840-இல் அதற்குக் "கிண்டர்கார்டன்" எனப் பெயரிட்டார். "குழந்தைகளின் தோட்டம்" என்பது இச்சொல்லின் பொருளாகும். பந்து, உருளை, கனசதுரம் முதலிய மரப்பொருள்களையும் பாடல்களையும் தோட்ட வேலையையும் அவர் கல்விக் கருவிகளாக்கினார்.

இத்தாலிய மருத்துவரான மரியா மாண்டிசோரி (1870-1952), 1907 சனவரி 6 அன்று உரோமை நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைகள் வாழும் பகுதியில் "குழந்தைகளின் இல்லம்" என்ற பள்ளியைத் தொடங்கினார். குழந்தையின் உயரத்திற்கேற்ற மேசை, நாற்காலி, அலமாரி ஆகியவற்றைப் பள்ளிக்குள் கொண்டுவந்தவர்களுள் இவர் குறிப்பிடத்தக்கவர். குழந்தை தன் பிழையைத் தானே கண்டு திருத்திக்கொள்ளும் வகையில் இவருடைய கற்றல் பொருள்கள் அமைந்திருந்தன.

இந்தியாவில் தொடக்கம்

குசராத்தைச் சேர்ந்த கிஜுபாய் பதேக்கா (1885-1939) வழக்கறிஞர் தொழிலை விட்டு விலகி, 1920-இல் பாவ்நகரில் பால மந்திர் என்னும் பள்ளியைத் தொடங்கினார். மாண்டிசோரியின் கருத்துகளை இந்தியச் சூழலுக்கும் குறைந்த செலவிற்கும் ஏற்ப மாற்றியமைத்தார். கதை சொல்லுதலை இவர் கல்வியின் நடுநாயகமாகக் கொண்டார். இவருடன் பணியாற்றிய தாராபாய் மோடக் (1892-1973), பின்னர் அனுதாய் வாக்குடன் இணைந்து மகாராட்டிரத்தின் பழங்குடி ஊர்களில் பணிபுரிந்தார். பள்ளிக்கு வராத குழந்தைகளைத் தேடி, அவர்கள் வாழும் குடியிருப்பின் முற்றத்திற்கே பள்ளியைக் கொண்டு சென்றமை இவரது தனிச்சிறப்பாகும். "அங்கன்" என்பது முற்றத்தைக் குறிக்கும். அங்கன்வாடி என்னும் சொல்லும் கருத்தும் இம்முயற்சியோடு தொடர்புடையவை.

அடையாறில் மாண்டிசோரி

பிரம்மஞான சபையின் அப்போதைய தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பை ஏற்று, 1939 நவம்பரில் மாண்டிசோரி தம் மகன் மாரியோவுடன் அடையாறுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 69. கீற்றுக் கொட்டகைகளில் நடைபெற்ற முதல் பயிற்சி வகுப்பில் ஏறத்தாழ 300 பேர் கலந்துகொண்டனர். 1940 சூனில் இத்தாலி இரண்டாம் உலகப் போரில் இறங்கியதால் இருவரும் பகை நாட்டவராகக் கருதப்பட்டனர். மாரியோ தடுப்பு முகாமில் வைக்கப்பட்டார். மாண்டிசோரியின் நடமாட்டம் கட்டுப்படுத்தப்பட்டது. 1940 ஆகத்து 31, மாண்டிசோரியின் 70-ஆவது பிறந்த நாளன்று மாரியோ விடுவிக்கப்பட்டார்.

1942 முதல் 1944 வரை இவர்கள் கொடைக்கானலில் தங்கி, பல வயதுக் குழந்தைகளுக்கான பள்ளி ஒன்றை நடத்தினர். மலைச் சூழலின் செடிகொடிகளும் உயிரினங்களும் அங்குக் கற்றல் பொருள்களாயின. சில மாதங்களுக்கெனத் திட்டமிட்ட பயணம் போரினால் நீண்டது. 1946-இல் ஐரோப்பாவுக்குத் திரும்பி, 1947-இல் மீண்டும் வந்து, 1949 வரை மாண்டிசோரி இத்துணைக்கண்டத்தில் பணியாற்றினார். பிறந்தது முதல் ஆறு வயது வரை குழந்தை தன் சூழலை அப்படியே உள்வாங்கிக் கொள்கின்றது என்னும் அவரது கருத்தை விளக்கும் "உள்வாங்கும் மனம்" என்னும் பொருளுடைய நூல் 1949-இல் அடையாறிலேயே வெளியிடப்பட்டது.

இப்பயிற்சிகளின் பயனாகத் தமிழ்நாட்டில் மாண்டிசோரி பள்ளிகள் பல தோன்றின. எனினும் கருவிகளின் விலையும் பயிற்சிச் செலவும் காரணமாக அவற்றுள் பெரும்பாலானவை நகர்ப்புற நடுத்தர வகுப்பினரையே சென்றடைந்தன. உரோமை நகரின் ஏழைக் குழந்தைகளுக்காகத் தோன்றிய முறை, இங்கு வசதி உடையோரின் கல்வியாக அறியப்படலாயிற்று.

புதுச்சேரியும் ஆரோவில்லும்

அரவிந்தர் 1910-இல் "கர்மயோகின்" இதழில் எழுதிய கல்விக் கட்டுரைகளில் மூன்று கோட்பாடுகளை முன்வைத்தார். எதையும் கற்பிக்க இயலாது, ஆசிரியர் வழிகாட்டி மட்டுமே என்பது முதலாவது. குழந்தையின் வளர்ச்சியில் அதன் மனத்தையே கலந்து முடிவு செய்ய வேண்டும் என்பது இரண்டாவது. அருகில் உள்ளதிலிருந்து தொலைவில் உள்ளதற்குச் செல்ல வேண்டும் என்பது மூன்றாவது. இக்கருத்துகளின் அடிப்படையில் அன்னை எனப்படும் மிர்ரா அல்பாசா 1943 திசம்பர் 2 அன்று புதுச்சேரி ஆசிரமத்தில் பள்ளியொன்றைத் தொடங்கினார். 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கப்பட்ட ஆரோவில் நகரியத்தின் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் உள்ளது. அங்கு மழலையர் பள்ளி முதலாகக் குழந்தையின் சொந்த முன்னேற்றத்தை அளவுகோலாகக் கொள்ளும் கல்வி நடைபெறுகின்றது. சுற்றுப்புறச் சிற்றூர்க் குழந்தைகளுக்கான பள்ளிகளும் ஆரோவில்லின் சார்பில் நடத்தப்படுகின்றன.

அங்கன்வாடி மையங்கள்

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று இந்தியாவில் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்டது. கூடுதல் ஊட்டச்சத்து, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மருத்துவப் பரிந்துரை, தாய்மார்களுக்கான நலக் கல்வி, முறைசாரா முன்பருவக் கல்வி என ஆறு பணிகள் இதில் அடங்கும்.

தமிழ்நாட்டில் 1980-இல் உலக வங்கி உதவியுடன் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கப்பட்டது. 1982 சூலை 1 அன்று முதலமைச்சர் எம். ஜி. இராமச்சந்திரன் தொடங்கிய சத்துணவுத் திட்டம், பள்ளிக் குழந்தைகளோடு இரண்டு வயது முதலான குழந்தைகளையும் உள்ளடக்கியது. இதன் விளைவாகச் சிற்றூர் தோறும் குழந்தைகள் நாள்தோறும் கூடும் ஓர் இடம் உருவாயிற்று. 2019-இல் மாநிலத்தில் 54,439 அங்கன்வாடி மையங்கள் இருந்தன.

இம்மையங்களில் முன்பருவக் கல்விக்கென "ஆடிப்பாடி விளையாடு பாப்பா" என்னும் பாடத்திட்டம் பின்பற்றப்படுகின்றது. என் குடும்பம், விலங்குகள், காய்கனிகள் போன்ற கருப்பொருள்களைச் சுற்றிப் பாடல், கதை, விளையாட்டு, கைவேலை ஆகியவற்றை இது தொகுத்துத் தருகின்றது.

கற்றல் சூழலின் கூறுகள்

இடம்: காற்றும் வெளிச்சமும் உள்ள அறை, வெளியே ஓடியாட நிழலுள்ள இடம், குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் அலமாரி, தூய குடிநீர், குழந்தைகளுக்கேற்ற கழிப்பறை ஆகியவை அடிப்படைத் தேவைகளாகும். அறையைக் கதை மூலை, கட்டை அடுக்கும் மூலை, படம் வரையும் மூலை, வீட்டு விளையாட்டு மூலை எனப் பிரித்து வைப்பது வழக்கம். குழந்தை தனக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுக்க இது துணை செய்யும்.

பொருள்கள்: விலையுயர்ந்த கருவிகள் கட்டாயம் அல்ல. புளியங்கொட்டை, கூழாங்கல், சோழி, பனையோலை, தேங்காய்ச் சிரட்டை, களிமண், மணல் ஆகியவற்றைக் கொண்டு எண்ணுதல், வகைப்படுத்துதல், வரிசைப்படுத்துதல் ஆகிய திறன்களை வளர்க்கலாம். பல்லாங்குழி ஆட்டத்தில் ஒன்றுக்கு ஒன்று பொருத்துதலும் எண்ணுதலும் இயல்பாகவே அமைந்துள்ளன. மிகச் சிறிய பொருள்களை வாயிலோ மூக்கிலோ இட்டுக்கொள்ளும் வயதில், பெரியவரின் கண்காணிப்பில் மட்டுமே அவற்றைத் தருதல் வேண்டும்.

நேரம்: ஆடி ஓடும் விளையாட்டும் அமைதியான வேலையும் மாறி மாறி வருமாறு நாள் ஒழுங்கு அமைக்கப்படும். சிறு குழந்தைகளுக்கு மாறாத நாள் ஒழுங்கு பாதுகாப்பு உணர்வைத் தருகின்றது. அடுத்து உணவு, அதன்பின் உறக்கம், பிறகு வீடு என்பதை அறிந்த குழந்தை அழுகையின்றிப் பழகிக்கொள்ளும்.

பெரியவர்: பெயர் சொல்லி அழைத்தல், கண்ணுக்கு நேராகக் குனிந்து பேசுதல், கேள்விக்கு விடை கூறுமுன் குழந்தையைச் சிந்திக்க விடுதல் ஆகியவை ஆசிரியரிடம் எதிர்பார்க்கப்படுகின்றன. மதிப்பெண் இல்லை, ஆசிரியரின் உற்றுநோக்கல் குறிப்பே மதிப்பீடு ஆகும்.

பாதுகாப்பு: 2004 சூலை 16 அன்று கும்பகோணத்தில் கீற்றுக் கூரை வேய்ந்த பள்ளியொன்றில் நிகழ்ந்த தீவிபத்தில் 94 குழந்தைகள் உயிரிழந்தனர். குறுகிய இடத்தில் அளவுக்கு மிஞ்சிய குழந்தைகளை அடைத்து வைப்பதன் ஆபத்தை இந்நிகழ்வு உணர்த்தியது. இதன்பின் பள்ளிக் கட்டிடங்கள் குறித்த விதிகள் கடுமையாக்கப்பட்டன. 2015-இல் தனியார் விளையாட்டுப் பள்ளிகளுக்கென நெறிமுறை விதிகள் தமிழ்நாட்டில் வகுக்கப்பட்டன.

அருகிலிருந்து தொலைவுக்கு: திருவக்கரை

குழந்தையின் ஊரே முதல் பாடப்பொருள் என்னும் கோட்பாட்டை விளக்க வானூர் வட்டத்தில் உள்ள திருவக்கரையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். சங்கராபரணி ஆற்றையொட்டிய இவ்வூரில் சந்திரமௌலீசுவரர் கோயிலும் தேசிய கல்மரப் பூங்காவும் உள்ளன. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள் பழமையான மரங்கள் கல்லாக மாறி இப்பூங்காவில் கிடக்கின்றன.

நான்கு வயதுக் குழந்தைக்கு 2 கோடி ஆண்டு என்பது பொருளற்ற எண்ணாகும். ஆனால் பார்ப்பதற்கு மரம், தொடுவதற்குக் கல் என்பது அக்குழந்தைக்கு விளங்கும் வியப்பாகும். மையத்தில் ஒரு விறகுத் துண்டையும் ஒரு சாதாரணக் கல்லையும் கையில் கொடுத்தால் கனம், சொரசொரப்பு, தட்டும்போது எழும் ஒலி, நீரில் மிதத்தல் ஆகியவற்றைக் குழந்தை தானே ஒப்பிடும். "மிதக்கும்", "மூழ்கும்", "கனமானது", "இலேசானது" என்னும் சொற்கள் அனுபவத்தோடு சேர்ந்து வருகின்றன. பின்னர்ப் பூங்காவில் கல்மரத்தைக் காணும்போது, இது எதைச் சேர்ந்தது என்ற வினா குழந்தையிடமிருந்தே எழ இடமுண்டு. புவியியல் பாடம் பல ஆண்டுகள் கழித்து வரும்; அதற்கான வினா முன்பருவத்திலேயே வித்திடப்படுகின்றது. பூங்காவின் கல்மரத் துண்டுகளை எடுத்துச் செல்லுதல் தவிர்க்கப்பட வேண்டும் என்பதும் குழந்தைகள் கற்கும் பாடமாகும்.

ஆற்று மணல், கோயில் தேர், வயல், ஆடுமாடு, பனைமரம் எனத் தமிழ்நாட்டின் ஒவ்வோர் ஊரிலும் இத்தகைய பொருள்கள் உள்ளன. ஊர்ப் பெரியவர்களும் பாட்டிமார்களும் கூறும் கதைகளையும் விடுகதைகளையும் மையத்திற்குள் கொண்டுவருதல் செலவில்லாத கற்றல் வளமாகும்.

எழுத்து அறிமுகம்

முன்பருவத்தில் எழுத்தே கூடாது என்பது இக்கல்வியின் நிலைப்பாடு அன்று. எழுதுகோலைப் பிடிக்கும் விரல் தசைகள் முதலில் வலுப்பெற வேண்டும் என்பதே வலியுறுத்தப்படுகின்றது. களிமண் பிசைதல், மணி கோத்தல், காகிதம் கிழித்து ஒட்டுதல் ஆகியவை இதற்கான பயிற்சிகளாகும். மாண்டிசோரி முறையில் உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தின்மீது குழந்தை விரலை ஓட்டி அதன் வடிவத்தை உணர்கின்றது. தமிழகத்தின் பழைய திண்ணைப் பள்ளிகளிலும் குழந்தைகள் மணலில் விரலால் எழுதியே எழுத்தைக் கற்றனர். ஆயினும் திண்ணைப் பள்ளி மனப்பாடத்தையும் பிரம்பையும் சார்ந்திருந்தது. குழந்தை மையக் கல்வி அவ்விரண்டையும் விலக்குகின்றது.

தொடக்கப் பள்ளியில் தொடர்ச்சி

முன்பருவத்தில் விளையாடிக் கற்ற குழந்தை, முதல் வகுப்பில் கரும்பலகையைப் பார்த்து அசையாமல் அமர நேரிடின் இடையறவு ஏற்படுகின்றது. இதனைக் குறைக்கும் முயற்சியாகச் செயல்வழிக் கற்றல் முறையைக் கருதலாம். ஆந்திர மாநிலம் ரிஷிவேலியில் உருவான முறையைத் தழுவி, 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் இது தொடங்கப்பட்டது. 2007-இல் மாநிலம் முழுவதும் விரிவாக்கப்பட்டது. ஏணிப்படி அமைப்பு, கற்றல் அட்டைகள், தரையில் பாய் விரித்துக் குழுவாக அமர்தல், குழந்தைகளின் உயரத்திற்கேற்ற கரும்பலகை ஆகியவை இதன் அடையாளங்களாகும்.

இதனை வரவேற்றோர், ஆசிரியரைக் கண்டு அஞ்சும் நிலை மாறியதைச் சுட்டினர். குறை கூறியோர், அட்டையை முடிப்பதே இலக்காகி உரையாடல் குறைந்துவிடும் என்றும், ஓராசிரியர் பல நிலைகளைக் கவனிப்பது கடினம் என்றும் கூறினர். பின்னர் இம்முறை எளிமையாக்கப்பட்டது. கொரோனா பெருந்தொற்றுக்குப் பின், எட்டு வயதிற்குள் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் பெறுதல் என்னும் நோக்கில் "எண்ணும் எழுத்தும்" திட்டம் 2022 சூனில் தொடங்கப்பட்டது.

சட்டமும் கொள்கையும்

இந்திய அரசியலமைப்பின் 86-ஆவது திருத்தம் (2002) ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. ஆறு வயதிற்கு உட்பட்ட குழந்தைகளின் பராமரிப்பும் கல்வியும் 45-ஆவது கூறின்கீழ் அரசின் வழிகாட்டு நெறியாக மட்டும் வைக்கப்பட்டன. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டமும் முன்பருவக் கல்விக்கு அரசு ஏற்பாடு செய்யலாம் என்ற அளவிலேயே கூறுகின்றது. கற்றலுக்கு மிக இன்றியமையாததெனக் கருதப்படும் வயது, உரிமையின் எல்லைக்கு வெளியே நிற்கின்றது எனக் கல்வியாளர் பலர் சுட்டிக்காட்டியுள்ளனர்.

சிக்கல்கள்

- பெற்றோரின் எதிர்பார்ப்பு: மூன்று வயதிலேயே எழுதவும் ஆங்கிலப் பாடல் ஒப்பிக்கவும் தெரிய வேண்டும் என்ற எதிர்பார்ப்பு பரவலாக உள்ளது. விளையாட்டு நிகழும் அங்கன்வாடி "சோறு போடும் இடம்" என்றும், வீட்டுப்பாடம் தரும் தனியார் பள்ளி "படிக்கும் இடம்" என்றும் கருதப்படுகின்றன.
- சேர்க்கைத் தேர்வு: மழலையர் வகுப்புச் சேர்க்கைக்கான தேர்வும் நேர்காணலும் நீக்கப்பட வேண்டும் என 1993-இல் யஷ்பால் குழு பரிந்துரைத்தது.
- பணியாளரின் சுமை: எடை பார்த்தல், உணவு, இணைஉணவு வழங்கல், வீடு பார்வையிடல், பதிவேடுகள் எனப் பல பணிகளுக்கிடையே அங்கன்வாடிப் பணியாளர் கல்விக்கு நேரம் ஒதுக்க வேண்டியுள்ளது.
- ஆசிரியர் நியமனம்: 2019 சனவரியில் பள்ளி வளாகங்களில் அமைந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் இவ்வகுப்புகளுக்கு அனுப்பப்பட்டபோது எதிர்ப்பு எழுந்தது. மழலையர் கல்விக்குத் தனிப் பயிற்சி தேவை என்பது அப்போது விவாதிக்கப்பட்டது.
- மொழி: இவ்வயதில் குழந்தை சிந்திப்பதும் வினவுவதும் வீட்டு மொழியிலேயே ஆகும். தெரியாத மொழியில் நடைபெறும் வகுப்பில் குழந்தை ஒப்பிக்கும். ஆனால் கேள்வி கேட்காது. இக்கருத்தை முன்வைத்து 1990-களில் தாய்த்தமிழ்ப் பள்ளிகள் தோன்றின. திண்டிவனம் உரோசனையில் பேராசிரியர் பிரபா கல்விமணியின் முயற்சியில் உருவான பள்ளி இவ்வகையைச் சேர்ந்தது.

பயன்கள்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1962-இல் தொடங்கிய பெர்ரி முன்பள்ளி ஆய்வு இத்துறையில் பெரிதும் எடுத்துக்காட்டப்படுகின்றது. வறிய குடும்பங்களைச் சேர்ந்த 123 குழந்தைகள் இதில் இரு பிரிவுகளாக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு மட்டும் குழந்தைகள் தாமே திட்டமிட்டுச் செயல்படும் முன்பருவக் கல்வி அளிக்கப்பட்டது. 40 வயது வரை தொடர்ந்து கவனித்தபோது, அக்கல்வி பெற்றவர்கள் பள்ளிப் படிப்பை முடித்தல், வருமானம் ஆகியவற்றில் மேம்பட்டும் குற்றச் செயல்களில் குறைந்தும் காணப்பட்டனர். நல்ல முன்பருவக் கல்வியின் பயன் வறிய குழந்தைக்கே மிகுதி என்பதற்கு இவ்வாய்வு சான்றாகக் கொள்ளப்படுகின்றது. அடையாறில் வேரூன்றிய கருத்துகள் சிற்றூர் அங்கன்வாடிகளில் முழுமையாக நடைமுறைக்கு வருவதன் இன்றியமையாமையும் இதனாலேயே வலியுறுத்தப்படுகின்றது.

இவற்றையும் பார்க்க

- மரியா மாண்டிசோரி
- கிஜுபாய் பதேக்கா
- அங்கன்வாடி
- செயல்வழிக் கற்றல்
- திண்ணைப் பள்ளி
- ஆரோவில்
- திருவக்கரை